உரைக்கோப்புகளில் வரிமுடிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்டை லினக்ஸ் சர்வரில் ஏற்றினால் ஓட மறுக்கிறது. லினக்ஸில் உருவான கோப்பைப் பழைய விண்டோஸில் திறந்தால் எல்லாம் ஒரே வரியாக நீள்கிறது. இரண்டுக்கும் காரணம், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒன்றிரண்டு பைட்டுகள். நிரல் எழுதுகிறவர்களும் தரவுக் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே.

வரிமுடிவு என்று கோப்புக்குள் உண்மையில் என்ன இருக்கிறது?

கோப்பு என்பது பைட்டுகளின் ஒரு நீண்ட வரிசை, அவ்வளவுதான். வரி, பத்தி என்று அதில் தனியாக எதுவும் கிடையாது. 'இங்கே வரி முடிந்தது' என்று சொல்லவும் ஒரு பைட்டையோ இரண்டையோ எழுதித்தான் ஆகவேண்டும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 10ஆம் எண் லைன் ஃபீட், சுருக்கமாக எல்எஃப். 13ஆம் எண் கேரேஜ் ரிட்டர்ன், சுருக்கமாக சிஆர்.

லினக்ஸ், ஆண்ட்ராய்டு, இன்றைய மேக் எல்லாம் எல்எஃப் மட்டும் எழுதும். விண்டோஸ் சிஆர், எல்எஃப் இரண்டையும் அந்த வரிசையில் எழுதும்; இந்த ஜோடிதான் சிஆர்எல்எஃப். பழைய மேக், அதாவது 9ஆம் பதிப்பு வரை வந்த மேக் ஓஎஸ், சிஆர் மட்டும் எழுதியது. 2001இல் மேக் ஓஎஸ் எக்ஸ் யூனிக்ஸ் அடித்தளத்தோடு வந்தபோது அங்கேயும் எல்எஃப் ஆகிவிட்டது. எனவே இன்று நடைமுறையில் இரண்டு கட்சிகள்தான். சிஆர் மட்டும் உள்ள கோப்பு எப்போதாவது பழைய காப்பகத்திலிருந்தோ, எக்செல்லில் 'மேகின்டாஷ் சிஎஸ்வி' (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) என்று சேமித்தவரிடமிருந்தோ வந்து சேரும்.

ஏன் எல்லோரும் ஒன்றையே வைத்துக்கொள்ளவில்லை?

1960களின் டெலிடைப் இயந்திரங்கள்தான் மூலம். 1963இல் வந்த டெலிடைப் 33ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிடும் தலை இடது ஓரத்துக்குத் திரும்புவது ஒரு வேலை. தாள் ஒரு வரி மேலே நகர்வது வேறொரு வேலை. ஆளுக்கொரு குறியீடு வைத்ததில் நியாயம் இருந்தது: தலையை மட்டும் திருப்பி, அதே வரியின் மேல் இன்னொரு முறை அச்சடித்துத் தடிமனாக்கலாம், அடிக்கோடு போடலாம்.

சிஆர் ஏன் முதலில் வருகிறது என்பதற்கும் இயந்திரக் காரணம் உண்டு. அந்தப் பொறி நொடிக்கு 10 எழுத்து அடிக்கும். வலக்கோடியிலிருந்து தலை இடக்கோடிக்கு வர ஓர் எழுத்துக்கான நேரம் போதாது. முதலில் சிஆர் அனுப்பிவிட்டால், பின்னால் வரும் எல்எஃப் தாளை நகர்த்தும் நேரத்தில் தலை போய்ச் சேர்ந்துவிடும். வரிசை மாறினால் அடுத்த வரியின் முதல் எழுத்து நடுத்தாளில் எங்கேயாவது விழும்.

மல்ட்டிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்கள் வேறு முடிவு எடுத்தார்கள். கோப்பில் ஒரே ஒரு குறியீடு போதும், அச்சுப்பொறிக்குத் தேவையான அசைவுகளை அதன் டிரைவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். யூனிக்ஸ் அதைப் பின்பற்றியது. டாஸுக்கு முந்தைய இயங்குதளமான சிபி/எம் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டது. 1981இல் வந்த எம்எஸ்-டாஸ் அந்த வழியில் போனது. விண்டோஸ் அதன் வாரிசு. என்னைக் கேட்டால் மல்ட்டிக்ஸ்காரர்கள் சொன்னதே சரி. அச்சுத்தலையின் அசைவுக்குக் கோப்பில் என்ன வேலை? ஆனால் கோடிக்கணக்கான கோப்புகள் அப்படியே எழுதப்பட்டுவிட்ட பிறகு இந்த வாதத்தால் யாருக்கும் பயனில்லை.

என் கோப்பில் எது இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விஎஸ் கோடில் கீழே வலது மூலையில் 'சிஆர்எல்எஃப்' அல்லது 'எல்எஃப்' என்று எழுதியிருக்கும். அதைச் சொடுக்கி மாற்றவும் செய்யலாம். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸிலும் அடிப்பட்டையில் தெரியும். லினக்ஸ் முனையத்தில் 'ஃபைல்' கட்டளை ஒரு வரியில் சொல்லிவிடும். 'கேட்' கட்டளைக்குப் பெரிய 'ஏ' சுவிட்சைக் கொடுத்தால் எல்எஃப் இருக்கும் இடத்தில் டாலர் குறியும், சிஆர் இருக்கும் இடத்தில் தொப்பிக்குறியோடு ஒரு 'எம்'மும் காட்டும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரே கோப்பில் இரண்டு வகையும் கலந்திருந்தாலும் எடிட்டர் பொதுவாக ஒரே பெயரைத்தான் காட்டும். சந்தேகம் இருந்தால் எடிட்டரை நம்பாமல் 'ஓடி' கட்டளையை 'சி' சுவிட்சோடு ஓட்டி பைட்டுகளையே பாருங்கள். அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்கிறது. ஏன்?

இல்லாதது உங்கள் ஸ்கிரிப்ட் அல்ல, அதை ஓட்டவேண்டிய நிரல். ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரியில் எண்குறி, வியப்புக்குறி போட்டு பாஷ் என்ற ஷெல் நிரலின் பாதையை எழுதியிருப்பீர்கள். அந்த வரி சிஆர், எல்எஃப் என்று முடிந்திருந்தால், லினக்ஸ் கர்னல் எல்எஃப் வரை உள்ள எல்லாவற்றையும் பாதையாக எடுத்துக்கொள்ளும். சிஆரும் பெயரின் ஒரு பகுதியாகிவிடும். 'பாஷ்' இருக்கிறது; 'பாஷ்-சிஆர்' என்று ஒரு நிரல் உலகத்தில் எங்கேயும் இல்லை. நேரடியாக ஓட்டினால் 'பேட் இன்டர்பிரெட்டர்' என்று வரும். டாக்கர் கண்டெய்னரின் (நிரலைத் தனிப் பொட்டலமாக ஓட்டும் சூழல்) தொடக்க ஸ்கிரிப்டாக இருந்தால் 'நோ சச் ஃபைல்' என்று மட்டும் சொல்லிவிட்டுச் செத்துவிடும். விண்டோஸ் மடிக்கணினியில் டாக்கர் இமேஜ் கட்டுகிறவர்கள் இதை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்.

இதைவிட மோசமானது, பிழையே காட்டாத வகை. சூழல் மாறிகளை வைத்திருக்கும் கோப்பு சிஆர்எல்எஃப்பில் இருந்து, அதை ஷெல் படித்தால், ஒவ்வொரு மதிப்பின் வாலிலும் ஒரு சிஆர் ஒட்டிக்கொள்ளும். கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது, திரையில் அச்சடித்துப் பார்த்தாலும் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் டேட்டாபேஸ் உள்ளே விடாது. இப்படி ஒன்று நடந்தால் அந்த மதிப்பின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். எட்டு எழுத்துக் கடவுச்சொல்லுக்கு ஒன்பது வந்தால் திருடன் அகப்பட்டான்.

நோட்பேடில் எல்லாம் ஒரே வரியாகத் தெரிகிறதே?

பழைய விண்டோஸ் வைத்திருக்கிறீர்கள். 2018இல் மைக்ரோசாஃப்ட் நோட்பேடைத் திருத்தியது; விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பிலிருந்து எல்எஃப், சிஆர் மட்டும் உள்ள கோப்புகளையும் ஒழுங்காகக் காட்டும்.

சரி, என் நிரல் கோப்பை எழுதும்போது எதை எழுதவேண்டும்?

அந்தக் கோப்பை யார் படிக்கப்போகிறார்கள் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நிரல் எந்தக் கணினியில் ஓடுகிறது என்பது பெரும்பாலும் பொருட்டே இல்லை. 'ஓடும் கணினியின் வழக்கப்படி எழுது' என்பது பல மொழிகளின் இயல்பு அமைப்பு. டெலிடைப் காலத்துக்குப் பொருந்திய நினைப்பு அது. இன்று கோப்பு பிறந்த கணினியிலேயே இருப்பதில்லை.

ஷெல் ஸ்கிரிப்ட், லினக்ஸ் சர்வரின் கான்ஃபிக், யாமல், ஜேசன், மூலநிரல் எல்லாவற்றுக்கும் எல்எஃப். விண்டோஸின் பேட்ச் கோப்புக்கு சிஆர்எல்எஃப். எல்எஃப் மட்டும் இருந்தால் 'கோ டூ' போகவேண்டிய லேபிளைக் கண்டுபிடிக்காமல் விழிப்பது உண்டு. மின்னஞ்சலுக்கும் எச்டிடிபி தலைப்புகளுக்கும் நெறிமுறையே சிஆர்எல்எஃப் என்கிறது. லினக்ஸில் எழுதினாலும் அதுதான். சிஎஸ்விக்கு 2005இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற இணையத் தர ஆவணம் சிஆர்எல்எஃப் என்று எழுதிவைத்திருக்கிறது, ஆனால் எல்எஃப் கொடுத்தாலும் பெரும்பாலான நிரல்கள் ஏற்றுக்கொள்ளும். பெறுகிறவர் ஏதாவது பழைய வங்கி மென்பொருளாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படிக்கும் பக்கத்தில் தாராளமாக இருங்கள்: உங்கள் நிரல் இரண்டு வகையையும் ஏற்கட்டும். மின்னஞ்சல் மட்டும் விதிவிலக்கு, அதற்குப் பின்னால் வருகிறேன்.

சி மொழியில் பேக்ஸ்லாஷ்-என் எழுதினால் விண்டோஸில் இரண்டு பைட் வருகிறது. யார் சேர்க்கிறார்கள்?

சி நூலகம். கோப்பை 'டபிள்யூ' என்று மட்டும் திறந்தால் அது உரை முறை. விண்டோஸில் உரை முறையில் எழுதும் ஒவ்வொரு எல்எஃப்புக்கும் முன்னால் ஒரு சிஆர் நுழைக்கப்படும். படிக்கும்போது அந்த ஜோடி மறுபடி எல்எஃப் ஆகும். கூடவே 'பி' சேர்த்து பைனரி முறையில் திறந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். லினக்ஸில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை என்பதால் அங்கே பழகியவர்கள் 'பி'யை மறந்துவிடுவார்கள். அப்புறம் அதே நிரலை விண்டோஸில் கம்பைல் செய்து படக்கோப்பை எழுதினால், 10 என்ற மதிப்புள்ள பைட் வரும் இடமெல்லாம் ஒரு 13 புகுந்து படம் பாழாகும்.

விண்டோஸின் உரை முறையில் இன்னொரு வம்பும் உண்டு: படிக்கும்போது 26 என்ற பைட் எதிர்ப்பட்டால் கோப்பு முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளும். இதுவும் சிபி/எம் காலத்துச் சொத்து.

பைத்தானில்?

பைத்தான் 3இல் 'ஓபன்' செயல்கூறுக்கு 'நியூலைன்' என்று ஓர் அளபுரு உண்டு. அதைக் கொடுக்காவிட்டால், படிக்கும்போது மூன்று வகை வரிமுடிவும் எல்எஃப்பாக மாறி வரும். எழுதும்போது எல்எஃப் அந்த இயங்குதளத்தின் வழக்கத்துக்கு மாறும். படிப்பது பரவாயில்லை. எழுதுவதில்தான் தகராறு. ஒரே நிரல் உங்கள் விண்டோஸில் ஒரு கோப்பையும் சர்வரில் வேறு கோப்பையும் உண்டாக்கும், ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பொருந்தாது. எனவே எழுதுவதற்குத் திறக்கும்போதெல்லாம் நியூலைனுக்குப் பேக்ஸ்லாஷ்-என் மதிப்பைக் கையால் கொடுத்துவிடுங்கள். எல்எஃப் எங்கும் எல்எஃப்பாகவே போகும். பாத்லிப்பின் 'ரைட் டெக்ஸ்ட்'டுக்கு இந்த அளபுரு 3.10இல்தான் வந்தது.

சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்தால் ஒன்றுவிட்டு ஒரு வரி காலியாக இருக்கிறது என்ற புகாரும் இங்கிருந்துதான் வருகிறது. பைத்தானின் சிஎஸ்வி மாட்யூல் தானாகவே ஒவ்வொரு வரிக்கும் சிஆர்எல்எஃப் எழுதும். கோப்பு உரை முறையில் இருந்தால் அதிலுள்ள எல்எஃப் மறுபடி சிஆர்எல்எஃப் ஆகும். ஆக மொத்தம் சிஆர், சிஆர், எல்எஃப். தீர்வு, நியூலைனுக்கு வெற்றுச் சரத்தைக் கொடுப்பது. கைவைக்காதே என்று அதற்குப் பொருள். பைத்தான் ஆவணத்திலேயே இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இருக்கிற கோப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு, மற்றதை அப்படியே திருப்பி எழுதவேண்டும் என்றாலும் வெற்றுச் சரம்தான், படிக்கும்போதும் எழுதும்போதும். இல்லையென்றால் சொல் ஒன்று மாறும், வரிமுடிவு எல்லாமே மாறும்.

ஜாவா, சி ஷார்ப், நோட், கோ?

ஜாவாவின் 'பிரின்ட்எல்என்' இயங்குதள வழக்கப்படி எழுதும். சரத்துக்குள் நீங்களே போடும் பேக்ஸ்லாஷ்-என் மாறாது. இரண்டையும் கலந்தால் விண்டோஸில் கலப்படக் கோப்பு தயார். சி ஷார்ப்பில் ஸ்ட்ரீம்ரைட்டருக்கு 'நியூலைன்' என்ற பண்பு இருக்கிறது, ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். நோடும் கோவும் எதையும் மாற்றாது, கொடுத்ததை எழுதும். நோடில் படிக்கும்போது மட்டும் எல்எஃப்பை வைத்துப் பிளந்தால் துண்டுகளின் கடைசியில் சிஆர் தங்கும் என்பதை நினைவில் வையுங்கள். கோவின் ஸ்கேனர் அதைத் தானே கழித்துவிடும்.

கிட்டில் ஒரு வரியைத்தான் மாற்றினேன். முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டுகிறது. என்ன செய்வது?

உங்கள் எடிட்டரோ, கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டோ எல்லா வரிமுடிவுகளையும் மாற்றியிருக்கிறது. கிட்டில் 'ஆட்டோசிஆர்எல்எஃப்' என்ற அமைப்பு இருக்கிறது. 'ட்ரூ' என்றால் ரெப்போவுக்குள், அதாவது கிட்டின் சேமிப்பகத்துக்குள், எல்எஃப்பாக வைத்துக்கொண்டு, உங்கள் கணினியில் எடுக்கும்போது சிஆர்எல்எஃப் ஆக்கும். 'இன்புட்' என்றால் உள்ளே போகும்போது மட்டும் எல்எஃப் ஆக்கும். 'ஃபால்ஸ்' என்றால் எதையும் தொடாது. இது ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக இருக்கும் அமைப்பு, அதுதான் இதன் குறை. குழுவில் ஐந்து பேர் என்றால் ஐந்து விதமாக இருக்கும், புதிதாகச் சேர்ந்தவர் எதைத் தேர்ந்தார் என்று யாருக்கும் தெரியாது.

எனவே அதை நம்பாமல், ரெப்போவின் வேரில் 'கிட்அட்ரிப்யூட்ஸ்' கோப்பை வையுங்கள். முன்னால் ஒரு புள்ளியோடு தொடங்கும் பெயர் அது. கோடோடு சேர்ந்தே பயணம் செய்யும், தனிநபர் அமைப்பை மீறும். அதில் நான்கு வரி போதும். எல்லாக் கோப்புக்கும் நட்சத்திரக்குறி போட்டு 'டெக்ஸ்ட்' சமம் 'ஆட்டோ'. ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு 'இஓஎல்' சமம் எல்எஃப். பேட்ச் கோப்புகளுக்கு 'இஓஎல்' சமம் சிஆர்எல்எஃப். படங்களுக்கு 'பைனரி'. பிறகு 'கிட் ஆட்' கட்டளையை 'ரீநார்மலைஸ்' சுவிட்சோடு ஓட்டி, அந்த மாற்றத்தை மட்டும் தனி கமிட்டாகப் போடுங்கள். வேறு வேலையோடு கலக்கவே கூடாது. எந்த வரியை யார் மாற்றினார் என்று பின்னால் 'பிளேம்' பார்ப்பவர் உங்களைச் சபிப்பார். யாரும் பெரிய கிளையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதும் வேண்டாம், அத்தனை வரியிலும் மோதல் வரும்.

எந்தக் கோப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' கட்டளைக்கு 'இஓஎல்' சுவிட்ச் உண்டு. ரெப்போவில் உள்ளதையும் உங்கள் வட்டில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

தமிழ்க் கோப்புகளுக்கு இதில் தனிச் சிக்கல் ஏதாவது உண்டா?

யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறை என்றால் இல்லை. அதில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது அதற்கு மேல்தான் இருக்கும். 10ஓ 13ஓ எழுத்தின் நடுவில் தற்செயலாக வரவே வராது. பைட் பைட்டாக மாற்றும் கருவிகளைத் தைரியமாக ஓட்டலாம்.

யுடிஎஃப்-16 கதை வேறு. விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1இல் பெரிதெனும் குறி போட்டு வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால் அந்த வடிவத்தில்தான் எழுதும். அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பைட். தமிழ் எழுத்துகளில் ஒரு பைட் எப்போதும் 11; அது வெர்டிகல் டேபின் எண். நாம் நூலிழையில் தப்பித்தோம். மலையாளத்துக்கும் சிங்களத்துக்கும் அந்த பைட் 13, அதாவது சிஆர். குஜராத்திக்கும் குர்முகிக்கும் 10, அதாவது எல்எஃப். யுடிஎஃப்-16இல் உள்ள மலையாளக் கோப்பில் 13களை எல்லாம் நீக்கும் எளிய கட்டளையை ஓட்டினால் எழுத்துக்கு ஒரு பைட் காணாமல் போய், மிச்சம் குப்பைதான். தமிழ்க் கோப்பு மட்டும் பிழைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம்: சிஆரின் 13 போய் அதன் ஜோடிப் பூஜ்யம் அங்கேயே நின்றுவிட்டால், அதற்குப் பின் வரும் பைட்டுகள் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். முதலில் யுடிஎஃப்-8க்கு மாற்றுங்கள், அப்புறம் வரிமுடிவைத் தொடுங்கள்.

இன்னொன்று, அபூர்வம்தான், ஆனால் பார்க்க வேடிக்கையாக இருக்கும். 'அ' என்ற எழுத்து யுடிஎஃப்-8இல் 224, 174, 133 என்று மூன்று பைட். யூனிகோடில் 133 என்ற எண்ணும் ஒரு வரிமுடிவுக் குறிதான், ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் வழக்கத்துக்காக வைத்தது. யுடிஎஃப்-8 கோப்பைத் தவறுதலாக லத்தீன்-1 (பைட்டுக்கு ஓர் எழுத்து) என்று பைத்தானில் திறந்து, வரிகளாகப் பிரிக்கும் 'ஸ்பிளிட்லைன்ஸ்' போட்டால், 'அ' வரும் இடத்தில் எல்லாம் வரி உடையும். 'ஆ' வந்தால் உடையாது. 'அம்மா'வில் உடைந்து 'ஆடு'வில் உடையாத கோப்பைப் பார்த்தால் என்கோடிங்கைச் சந்தேகப்படுங்கள்.

கடைசி வரிக்குப் பிறகும் வரிமுடிவு வேண்டுமா?

வேண்டும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் வரையறைப்படி வரி என்பது எல்எஃப்பில் முடிவது. அது இல்லாத கடைசித் துண்டை, வரிகளை எண்ணும் 'டபிள்யூசி' கட்டளை வரியாகவே எண்ணாது. இரண்டு கோப்புகளை 'கேட்' கொண்டு சேர்த்தால் ஒன்றின் கடைசி வரியும் அடுத்ததன் முதல் வரியும் ஒட்டிக்கொள்ளும். விதிவிலக்கு, ஒரே ஒரு ரகசியச் சாவியை மட்டும் கோப்பில் வைக்கும்போது. 'எக்கோ' தானாகச் சேர்க்கும் எல்எஃப் சாவியின் பகுதியாகப் படிக்கப்படலாம். அங்கே 'பிரின்ட்எஃப்' பயன்படுத்துங்கள்.

படக்கோப்பு வழியில் கெட்டுப்போவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. கோப்புகளை அனுப்பும் நெறிமுறையான எஃப்டிபியில் ஆஸ்கி முறை என்று ஒன்று இருக்கிறது. அது வரிமுடிவுகளை மாற்றியே அனுப்பும். ஜிப், படம் போன்றவற்றை அந்த முறையில் அனுப்பினால் கெடும். பிஎன்ஜி வடிவத்தை வகுத்தவர்கள் இதை எதிர்பார்த்தே அதன் முதல் எட்டு பைட்டுகளை அமைத்தார்கள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. முதல் எண் எட்டாவது பிட்டை யாராவது வெட்டியிருந்தால் காட்டிக்கொடுக்கும். அடுத்த மூன்றும் வடிவத்தின் பெயர். பிறகு ஒரு சிஆர்எல்எஃப்; அதை எல்எஃப்பாகச் சுருக்கியிருந்தால் தெரிந்துவிடும். 26, டாஸில் கோப்பைத் திரையில் கொட்டினால் அங்கேயே நிற்க. கடைசியில் தனி எல்எஃப். அதை யாராவது சிஆர்எல்எஃப்பாக விரித்திருந்தால் அதுவும் தெரியும். எட்டே பைட்டில் இவ்வளவு காவல் போட்ட வடிவம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மின்னஞ்சலில் மட்டும் ஏன் கறாராக இருக்கவேண்டும்?

மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியில் ஒரு கடிதம் முடிந்ததற்கு அடையாளம், தனி வரியில் ஒரு புள்ளி. அந்த வரிக்கு முன்னும் பின்னும் சிஆர்எல்எஃப் இருக்கவேண்டும். சில சர்வர்கள் தாராள மனதோடு வெறும் எல்எஃப்பையும் ஏற்றுக்கொண்டன. அனுப்பும் சர்வர் வெறும் எல்எஃப்பைக் கடிதத்தின் உள்ளடக்கம் என்று நினைத்து அப்படியே கடத்த, வாங்கும் சர்வர் அதையே கடிதத்தின் முடிவு என்று எடுத்துக்கொண்டால், மிச்சப் பகுதி புதுக் கடிதமாகிவிடும். அதில் அனுப்புநர் பெயரை இஷ்டம்போல் போடலாம். 2023 டிசம்பரில் 'எஸ்எம்டிபி ஸ்மக்லிங்' என்ற பெயரில் வெளியானது இந்த ஓட்டைதான்.

எச்டிடிபியிலும் இதே குடும்பத்துச் சிக்கல் உண்டு. பயனர் கொடுத்த உரையைத் தலைப்பில் போடும் முன் சிஆர், எல்எஃப் இரண்டையும் மறுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவரே புதிய தலைப்பு ஒன்றை உள்ளே செருகிவிடுவார்.

ஏற்கெனவே கலப்படமாகிவிட்ட கோப்புகளை எப்படிச் சரிசெய்வது?

எல்எஃப் ஆக்கவேண்டுமானால் 'டாஸ்2யூனிக்ஸ்', எதிர்ப்பக்கம் போக 'யூனிக்ஸ்2டாஸ்'. விம்மில் 'ஃபைல்ஃபார்மட்'டை 'யூனிக்ஸ்' என்று அமைத்துச் சேமிக்கலாம். ஆனால் கலப்படக் கோப்பில் வரிக்கடைசியில் தொப்பிக்குறி-எம் வெளிப்படையாகத் தெரிந்தால் அவற்றைத் தேடி அழிக்கவேண்டும்.

சிஆர், சிஆர், எல்எஃப் என்று மூன்றாக இருப்பதை மட்டும் கவனித்துக் கையாளுங்கள். ஒருமுறை மாற்றினால் ஒரு சிஆர் மிஞ்சும்.  எல்எஃப்புக்கு முன்னால் எத்தனை சிஆர் இருந்தாலும் சேர்த்துக் கழிக்கும்படி வடிவக்கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) எழுதுங்கள். ஒரு கோப்புறை முழுவதும் ஓட்டும் முன், படங்களும் ஜிப்களும் அதில் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாஸ்2யூனிக்ஸ் பைனரி கோப்புகளைத் தானே தவிர்க்கும்; உரையைத் தேடி மாற்றும் 'செட்' கட்டளைக்கு அந்த அக்கறை கிடையாது.